மோதிய நொடிக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டில் எந்த விபத்து வழக்கின் எஃப்ஐஆரை எடுத்துப் பார்த்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதில்" என்று ஒரு வரி இருக்கும். மண் ஏற்றி வந்த டிப்பர் லாரியாக இருந்தாலும் சரி, பிறந்தநாள் பார்ட்டி முடிந்து வரும் சொகுசு காராக இருந்தாலும் சரி, அதே வரிதான். ஸ்டேஷன் ரைட்டருக்கு அது மனப்பாடம். நான்கு மணி நேரத் தூக்கத்தோடு ஆந்திராவிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த டிரைவரும், குடித்துவிட்டு நண்பனோடு ரேஸ் விட்ட பையனும், அந்த ஒரே வரிக்குள் வந்து விழுகிறார்கள். ஓட்டியவர் அதற்கு முன்னால் என்ன செய்தார், மோதிய பிறகு என்ன செய்தார் என்பதெல்லாம் வழக்கின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. மோதிய அந்த ஒரு நொடி மட்டும் நடுவில் நிற்கிறது. அந்த நொடியில் என்ன இருக்கிறது? அது வெறும் விளைவு. ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குகிற எல்லாமே அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடம் நாடு முழுவதற்கும் நாம்தான் முதலிடம், 64,105. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதிவேகம் தொடர்பான விபத்தில் போனவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நம் இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் வந்தபோது 304-ஏ என்ற பிரிவே அதில் கிடையாது, 1870-ல்தான் சேர்த்தார்கள். கார் என்ற ஒன்று உலகத்திலேயே ஓடாத காலம். அஜாக்கிரதையால் ஒரு உயிர் போனால் அதிகபட்சம் இரண்டு வருடச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இந்த ஒரு பிரிவை வைத்துக்கொண்டுதான் மாட்டு வண்டி காலத்திலிருந்து ஆறு வழிச்சாலை காலம் வரை நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஓட்டினோம். 2024 ஜூலை 1-ல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு அதன் 106(1) பிரிவில் தண்டனை ஐந்து வருடம் வரை போகலாம் என்று ஆனது, வெறும் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியும் அடைபட்டது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜாமீன் விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை.

அந்தப் புதிய சட்டம் வருவதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால் சென்னை பெசன்ட் நகரில் நடைபாதையில் படுத்திருந்த ஒரு இளைஞர் மீது பிஎம்டபிள்யூ கார் ஏறி அவர் இறந்துபோனார். காரை ஓட்டியவருக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. ஊரே கொதித்தது. செல்வாக்கு இருந்ததால் விட்டுவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அந்தக் கோபம் எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுவிட்டால் ஆட்டோ ஓட்டுபவருக்கும் ஸ்டேஷன் ஜாமீன்தான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்பதை யார், எதை வைத்து, எத்தனை மணி நேரத்துக்குள் முடிவு செய்கிறார்கள்?

ஏனென்றால் இன்னொரு பிரிவும் இருக்கிறது. கொலையாகாத மரணத்தை விளைவித்தல், பழைய எண்ணில் 304-ன் இரண்டாம் பாகம், புதிய எண்ணில் 105. பத்து வருடம் வரை போகும், ஜாமீன் எளிதில் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு ஒன்றுதான்: இப்படிச் செய்தால் உயிர் போகக்கூடும் என்று ஓட்டியவருக்குத் தெரிந்திருந்ததா? 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். கீழ் நீதிமன்றம் ஆறு மாதம் கொடுத்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம். மும்பை உயர் நீதிமன்றம் அதை 304-ன் இரண்டாம் பாகத்துக்கு மாற்றி மூன்று வருடமாக்கியது, 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குடித்திருப்பது தனக்குத் தெரியும், வண்டி போகும் வேகம் தெரியும், ஆட்கள் படுத்திருக்கும் சாலை என்பதும் தெரியும், அப்படி இருந்தும் ஓட்டியவர் அப்புறம் வந்து "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்ல முடியாது என்பதுதான் நான் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. அதாவது குற்றம் ஸ்டியரிங்கில் கை வைத்தபோதே தொடங்கிவிட்டது.

டெல்லி வழக்கு இன்னும் மோசம். 1999 ஜனவரி 10, விடியற்காலை, லோதி காலனி. போலீஸ் சோதனைச் சாவடியில் நின்றவர்கள் மீது ஒரு பிஎம்டபிள்யூ மோதி ஆறு பேர் இறந்தார்கள், அதில் மூன்று பேர் காவலர்கள். ஓட்டியவர் முன்னாள் கடற்படைத் தளபதி ஒருவரின் பேரன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். காரை நிறுத்தி, இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறிப் போயிருக்கிறார்கள். அடிபட்டவர்கள் ரோட்டில் கிடக்க, கார் கோல்ஃப் லிங்க்ஸில் ஒரு வீட்டுக்குப் போகிறது, அங்கே வைத்து அதைக் கழுவுகிறார்கள். வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டே போலீஸ் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார், ஒருவர் துணியால் துடைக்கிறார், அந்த நேரத்தில் ரோட்டில் கிடந்த சிலருக்கு உயிர் இருந்திருக்கலாம்.

வழக்கு நடந்த விதமும் அதே கதைதான். முக்கிய சாட்சி மோதியது காரே இல்லை, லாரி என்று மாற்றிச் சொன்னார். அரசுத் தரப்பு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் அந்த சாட்சியை வளைக்கப் பேசியதை 2007-ல் ஒரு டிவி சேனல் ரகசியக் கேமராவில் படம் பிடித்தது. 2008-ல் ஐந்து வருடத் தண்டனை, 2009-ல் உயர் நீதிமன்றம் அதை 304-ஏ என்று இறக்கி இரண்டு வருடமாக்கியது, 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மறுபடி 304-ன் இரண்டாம் பாகம்தான் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே அனுபவித்த சிறை போதும், 50 லட்சம் கட்டு, இரண்டு வருடம் சமூக சேவை செய் என்று முடித்தது. பதிமூன்று வருடம் கழித்து! குற்றத்தின் பெயர் சரியாக வந்தது, ஆனால் தண்டனை வேறெங்கோ நின்றது.

ஓடிப்போவதைப் பற்றிப் பேசும்போது டிரைவர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூடவே, கூட்டத்தின் கோபம் போன்ற காரணத்தால் முடியாமல் போனால் தவிர என்றும் சொல்கிறது. ஹைவேயில் லாரி நின்றால் டிரைவரை இழுத்துப் போட்டு அடிப்பார்கள், அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். புதிய சட்டத்தின் 106(2), மோதிவிட்டு போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை என்றது. 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நாடு முழுக்க வண்டியை நிறுத்தினார்கள், பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, அரசு பின்வாங்கியது. ஜூலை 1-ல் மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இதை மட்டும் தள்ளி வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். பயந்து அந்த இடத்தை விட்டு ஓடுவது ஒன்று. நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய் 100-க்கும் 108-க்கும் ஒரு போன் கூடப் போடாமல் இருப்பது வேறு. அந்தப் பிரிவு கேட்டது ஒரு போன்தான். அதைக் கூடக் கேட்க வேண்டாம் என்று ஆக்கிவிட்டோம்.

என் சித்தப்பா விழுப்புரம் பக்கம் ஹைவே ஓரத்தில் ஒரு கடையில் டீ மாஸ்டராக இருந்தார். விடியற்காலையில் டிவிஎஸ் 50-ல் பால் கேனோடு ரோட்டைக் கடக்கும்போது பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு கார் அடித்தது. காரில் நான்கு பையன்கள். வண்டி கொஞ்ச தூரம் போய் டிவைடரில் முட்டி நின்றதால்தான் பிடிபட்டார்கள். ஓட்டியவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனபோது மதியம் தாண்டிவிட்டது. அத்தனை மணி நேரம் கழித்து ரத்தத்தில் என்ன மிஞ்சும்? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் சட்டம் போட்ட கோடு, நேரம் கடத்தியே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம். 304-ஏ போட்டார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில ஆயிரம் அபராதம் கட்டிவிட்டுப் போனான் என்பதே எங்களுக்கு அப்புறம் வக்கீல் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு கேஸ் வருகிறது என்று யாரும் சித்திக்குச் சொல்லவில்லை.

நஷ்டஈட்டு வழக்குக்குத்தான் நான் சித்தியோடு போனேன். முதல் எதிர்மனுதாரர், அதாவது கார் ஓனர், வரவில்லை, எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே விசாரணை, என்று எழுதிவிட்டு மேலே போனார்கள். ஓட்டியவனும் வரவில்லை. எதிரில் நின்றது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மட்டும். அவர் சித்தியைக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் ஹெல்மெட் போட்டிருந்தாரா? வண்டியில் லைட் எரிந்ததா? இடது, வலது பார்க்காமல் கடந்ததால்தானே விபத்து?" சித்தி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்குத் தெரியாதுங்க, நான் வீட்டுல இருந்தேன்" என்றார். சம்பளத்துக்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி. டீ மாஸ்டருக்கு ஏது சம்பள ஸ்லிப்? கடை ஓனர் வந்து சாட்சி சொன்னார். அப்புறம் கணக்கு நடந்தது. மாத வருமானம் இவ்வளவு என்று ஒரு உத்தேசம், வயது நாற்பதுக்கு மேல் என்பதால் எதிர்காலத்துக்கு 25 சதவீதம் சேர், அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழி, வயது 47, ஆகவே வருட வருமானத்தை அந்த வயதுக்கு வைத்த எண்ணான 13-ஆல் பெருக்கு. உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த கணக்கு இது, அதற்கு முன்னால் இருந்த குளறுபடியை நினைத்தால் நியாயமான கணக்கும்கூட. பணம் வந்தது. தங்கை படிப்பு அதில்தான் முடிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் கூட ஓட்டியவன் கையிலிருந்து வரவில்லை. பிரீமியம் கட்டியிருந்தார்கள், கம்பெனி கொடுத்தது, முடிந்தது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது பாதிக்கப்பட்டவருக்குப் பெரிய பாதுகாப்பு, அது போகக்கூடாது. அதே ஏற்பாட்டில் கொன்றவர் ஒரு முறைகூட செத்தவரின் வீட்டாரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. ஒரு கோர்ட்டில் அபராதம், இன்னொரு கோர்ட்டில் இன்சூரன்ஸ், இரண்டிலும் அவன் பதில் சொல்லவில்லை. பஸ்சில் திரும்பி வரும்போது சித்தி பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அவன் ஒரு தடவை வந்து நின்னிருக்கலாம்ல, தம்பி" என்றார்.

திருவாரூர் கதை நம் எல்லோருக்கும் தெரியும், கோயில் பக்கத்தில் கல்தேரே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் இருக்கிறது. தேரை மகன் மீது ஏற்றிய ராஜா என்ற அளவில் அதைச் சொல்லி முடித்துவிடுவோம். உயிருக்கு உயிர் என்ற அந்தத் தண்டனையை நான் ஏற்கவில்லை, எந்தக் காலத்திலும் ஏற்க மாட்டேன். எனக்கு அந்தக் கதையில் பிடிபடுவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று, கன்று தானாக ஓடி வந்து சக்கரத்தில் விழுந்தது, இளவரசன் மீது பெரிய தப்பு சொல்ல முடியாது, அப்படி இருந்தும் அவன் தேரை விட்டு இறங்கினான், அந்தப் பசுவின் துயரத்தைப் பார்த்துத் துடித்தான், இதற்குப் பரிகாரம் என்ன என்று தானே கேட்டுப் போனான். இரண்டு, அமைச்சர்கள் ராஜாவிடம் வந்து இதற்கு விதித்த பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்று வழி சொல்லிக் கொடுத்தார்கள். வேறொருவன் இதைச் செய்திருந்தால் ஒரு நீதி, என் மகன் செய்தால் ஒரு நீதியா என்று ராஜா திருப்பிக் கேட்டான்.

2024 மே 19, புனே கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். முதல் நாளே ஜாமீன், சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு. அந்தக் கட்டுரை பற்றித்தான் நாடே பேசியது. எனக்கு அதைவிடக் கொடுமையாகப் பட்டது அதற்குப் பிறகு போலீஸ் சொன்ன குற்றச்சாட்டுகள்: பையனின் ரத்த மாதிரியை அரசு மருத்துவமனையிலேயே மாற்றினார்கள், வீட்டு டிரைவரைப் பிடித்து நான்தான் ஓட்டினேன் என்று சொல்லச் சொன்னார்கள். வழக்கில் என்ன தீர்மானம் ஆகட்டும், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு குடும்பம் முழுக்க, டாக்டர்கள் உட்பட, கைதாகும் நிலைக்குப் போன வழக்கு அது. பதினேழு வயதில் ஒரு பையன் செய்த தப்புக்கு அவனை வாழ்நாள் முழுக்கச் சிறையில் போடு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சாவியைக் கொடுத்த பெரியவர்களுக்கு என்ன வயது?

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி, மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெருவுக்குத் தெரு பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு ட்யூஷன் போக ஸ்கூட்டி வாங்கிக் கொடுக்கும் ஊரில் இந்தப் பிரிவைப் பற்றி எத்தனை அப்பாக்களுக்குத் தெரியும்? தெரிந்தாலும், "நம்ம பையன் நல்லா ஓட்டுவான்" என்று பெருமையாகச் சொல்வோம்.

முதலாளிகளையும் இதில் சேர்க்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு போட்டது, 2025 நவம்பர் வரை அது அமலில் இருந்தது. எந்த லாரி ஷெட்டில் அதைப் பார்த்தார்கள்? மாவட்டத் தலைநகரங்களில் தனியார் பஸ்களுக்கு நடக்கும் டைமிங் சண்டையைப் பார்த்திருப்பீர்கள், முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் கலெக்‌ஷன், கலெக்‌ஷனில்தான் பேட்டா. அந்த பஸ் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பிள்ளையை அடித்தால் டிரைவர் மட்டும் உள்ளே போகிறார். கலெக்‌ஷன் நிர்ணயித்தவர் பெயர் எஃப்ஐஆரில் வருவதில்லை. அரசு பஸ் என்றால் நிலைமை வேறு மாதிரி: நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்தும் போக்குவரத்துக் கழகம் கொடுக்காமல் இழுத்து, கடைசியில் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்சை ஜப்தி செய்தார் என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். செத்தவர் வீட்டார் தங்களுக்குச் சேர வேண்டியதை வாங்க ஒரு பஸ்சைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

தண்டனையைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பத்து வருடம் என்று எழுதி வைத்து பதிமூன்று வருடம் வழக்கு நடந்தால் யாருக்கு பயம் வரும்? விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும், எடுக்காத அதிகாரி ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். உயிர் போன வழக்கில் குற்றப்பத்திரிகை வந்த நாளிலிருந்து விசாரணை முடியும் வரை லைசென்ஸ் கையில் இருக்கக்கூடாது. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை ஸ்டேஷன் மட்டும் முடிவு செய்யாமல், குடி, வேகம், வண்டியைக் கொடுத்தவர் யார், மோதிய பிறகு எங்கே போனார்கள் என்ற நான்கையும் எழுதி மாஜிஸ்திரேட் முன் வைக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தால் இறந்தவர் வீட்டார் அங்கே இருக்க வேண்டும், அவர்கள் முன்னால் நின்று ஒப்புக்கொள்ளட்டும். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் தனி ஆளாகப் போட்ட பொதுநல வழக்கிலிருந்து ஒரு சாலைப் பாதுகாப்புக் குழுவே வந்தது. டெல்லி வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதிகளில் ஒருவரான கே.எஸ். ராதாகிருஷ்ணன்தான் அந்தக் குழுவுக்கு முதலில் தலைவராக இருந்தார். கேட்டால் நடக்கும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

விபத்தில் வீட்டில் ஒருவரை இழந்து நிற்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 193-வது பிரிவின்படி விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் எஸ்பி அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். அடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரலிலிருந்து அரசுத் திட்டம் இருக்கிறது, வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வண்டி தெரிந்தால் நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். மார்ச்சுவரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். குற்ற வழக்கின் எண்ணையும் அது எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொண்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் வாய்தா தேதியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நஷ்டஈட்டு வழக்கு மும்முரத்தில் அந்த வழக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.